ஜோடி கன்ட்ரோலரும் முதல் பத்து நிமிடமும்

1. லைனிலிருந்து எழுப்பிய நாள்

மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் யூனிட் கம்ப்யூட்டர் கேம் ஆடக் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரை அசெம்பிள் செய்கிற இடம். நான் அங்கே சால்டரிங் லைனில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கேம் எதுவும் விளையாடியதில்லை. ஸ்டிக்கை அசைத்தால் ஸ்கிரீனில் புள்ளி நகர வேண்டும், பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கேம்.

எனக்குக் கவலைப்படுகிற குணம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் நகர்ந்த பிறகு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும். லைனில் இந்தக் குணம் எனக்குச் சோறு போட்டது. ஈயம் சரியாக ஒட்டாத ஜாயின்ட் ஒன்று என் கையைத் தாண்டிப் போனதில்லை. போயிருக்குமோ என்று பயந்து திரும்பத் திரும்பப் பார்ப்பேன், அதனால் போகாது. அப்படித்தான் என்னை க்யூ.சி.க்கு, முடிந்த பீஸைச் சோதிக்கிற பிரிவுக்கு, மாற்றினார்கள்.

க்யூ.சி.க்கு வந்து இரண்டாவது மாதம் டிசைன் பார்க்கிற நசீமா மேடம் என்னை மேலே கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். டவுனில் கடிகாரக் கடை வைத்திருக்கிற குடும்பம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எதையோ தப்பாகப் பாஸ் பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

மேஜையில் இரண்டு துண்டுகள் இருந்தன. கையில் சோப்பைப் பிடிக்கிற மாதிரி ஒவ்வொரு கைக்கும் ஒன்று. நடுவில் எதுவும் சேர்க்கவில்லை. கட்டைவிரல் வருகிற இடத்தில் ஸ்டிக் இல்லை, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழிந்த தட்டு. விரலை அதில் தேய்த்தால் ஸ்கிரீனில் ஆள் நடப்பான். கையை லேசாகச் சாய்த்தால் பார்வை திரும்பும்.

"எல்லா கன்ட்ரோலரும் ரெண்டு கையையும் சேத்துக் கட்டிப் போட்ட மாதிரிதானேக்கா இருக்கு. ஏன் அப்பிடியே புடிக்கணும்? ஒரு கைய மடியில வெச்சிக்கலாம், ஒரு கைய தொங்கப் போட்டுக்கலாம். ஜோடின்னு பேர் வெச்சிருக்கேன்."

இரண்டு வருஷமாக அவர் அதைச் செய்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ தடவை உடைத்து மறுபடி செய்தார். வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: தினமும் கேம் ஆடுகிறவர்கள் முதல் தடவை கையில் எடுத்தவுடன் என்ன சொல்கிறார்கள்? பிடித்திருந்தால் மோல்டுக்கு, பிளாஸ்டிக் வார்க்கிற அச்சுக்கு, ஆர்டர் போகும். இல்லையென்றால் ஜோடி அந்த மேஜையோடு சரி.

"நான் போனா சொல்லிக் குடுத்துடுவேன்கா. இப்பிடிப் புடி, அப்பிடிச் சாய்னு. வாய் சும்மா இருக்காது. உங்களுக்கு கேம் தெரியாது. அவங்க வாயில வர்றத அப்பிடியே எழுதிட்டு வந்தீங்கன்னா போதும்."

எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். பயப்பட வேண்டியது வேறு என்று தெரியவில்லை.

2. மாடியில் ஆறு நாள்

மூலக்குளத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே கேமிங் சென்டர். நடத்துகிறவர் தயாளன், நாற்பது வயதிருக்கும், எதையும் கிண்டலாகவே பேசுகிறவர். நாளைக்கு நாலு பேர், ஆறு நாள், இருபத்துநாலு பேர். ஒருவருக்குப் பத்து நிமிடம். டைமரைத் தட்டிவிட்டு, கம்பெனி கொடுத்த ஃபோனில் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஷீட்டில் மூன்று கட்டம். வாயில் வந்த முதல் வார்த்தை. எந்த நிமிடத்தில் கீழே வைத்தார். மூன்றாவதுதான் நசீமா மேடம் முக்கியம் என்று சொன்னது: ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்துக் கையை எத்தனை தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட வேண்டும். கை பழகிவிட்டால் கண் கீழே வராது. வாய் பொய் சொன்னாலும் கண் சொல்லாது என்பார்.

முதல் ஆள் தாடி வைத்த இன்ஜினியரிங் மாணவர். பெட்டியைத் திறந்து ஜோடியை எடுத்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. இத்தனை நாள் செய்த சாமானை இவர் தூக்கிப் போட்டுவிட்டால்? இவருக்கு வரவில்லையென்றால் சங்கடப்பட மாட்டாரா? யோசிப்பதற்குள் பேசிவிட்டேன்.

"தம்பி, இது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். புதுசு. கை பழக நாளாவும். வரலன்னா தப்பா நெனைச்சிக்காதீங்க."

"பரவால்லக்கா, குடுங்க" என்று வாங்கினார். இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ரெண்டு சோப்பு டப்பாவக் குடுத்து ஃபுட்பால் ஆடச் சொல்றீங்க."

கவுன்டரிலிருந்து தயாளன் சொன்னார்: "தேய்ச்சிப் பாரு. குளிச்ச மாதிரியும் ஆச்சி, ஆடின மாதிரியும் ஆச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் "சோப்பு டப்பா" என்று முதல் கட்டத்தில் எழுதினேன். அவர் ஆடினார். ஒவ்வொரு பாஸுக்கும் குனிந்து கையைப் பார்த்தார். முப்பத்தோரு கோடு. ஏழாவது நிமிடத்தில் வைத்துவிட்டார். "நீங்க சொன்ன மாதிரி கஷ்டம்தான்கா. பழகினா வரும்போல. ஆனா யாரு பழகுவாங்க?"

நீங்க சொன்ன மாதிரி. அந்த வார்த்தையையும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதும்போது உறைக்கவில்லை.

அடுத்தவருக்கும் அதையே சொல்லித்தான் கொடுத்தேன். அதற்கடுத்தவருக்கும். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்கும்போது சர்க்கரை கம்மியாக இருக்கும் என்று சொல்லிக் கொடுப்போமே, அந்தப் பழக்கம். மரியாதை என்றுதான் நினைத்தேன். மூன்று நாளில் பன்னிரண்டு ஷீட். "வழுக்குது." "கட்டைவிரல் எங்க இருக்குன்னே தெரியல." "எங்க வீட்டு டிவி ரிமோட்டு ரெண்டா ஒடைஞ்ச மாதிரி இருக்கு." கோடுகள் இருபத்தைந்துக்குக் கீழே யாருக்கும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, நசீமா மேடத்திடம் இதை எந்த முகத்தோடு நீட்டுவது என்று நினைத்துக்கொண்டே வருவேன். தினமும் அவர் ஷீட்டை வாங்கிப் படித்து, ஃபைலிலேயே திருப்பி வைத்துவிட்டு "சரிக்கா" என்பார். மூன்றாம் நாள் "சரி" மட்டும் வந்தது.

3. குரல் போன வியாழக்கிழமை

புதன்கிழமை மழையில் நனைந்தேன். வியாழக்கிழமை காலையில் தொண்டை அடைத்து, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லீவு போடலாம் என்றால், என்னால் ஒரு நாள் தள்ளிப்போனது என்று ஆகிவிடுமே என்ற பயம். போய்விட்டேன்.

முதலில் வந்தவருக்குப் பெட்டியைத் திறந்து ஜோடியை நீட்டினேன். தொண்டையைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவர் புரிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். இரண்டு கையையும் தொடை மேல் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு எதுவும் பேசாமல் ஆடினார். டைமர் அடித்தபோது நிமிர்ந்து, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். கோடு ஆறு.

இரண்டாவது ஆள் "டேய், இது செமயா திரும்புதுடா" என்று பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டினார். கோடு நாலு. மூன்றாவது ஆளுக்கு ஐந்து.

நாலாவது ஆளுக்கு வயது அறுபது தாண்டியிருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், அங்கே எல்லாரும் அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிட்டார்கள். வாரம் இரண்டு தடவை வந்து விமானம் ஓட்டுகிற கேம் ஆடுவாராம். ஜோடியை வாங்கி வலது கையைச் சாய்த்தார். ஸ்கிரீனில் விமானம் சாய்ந்தது. இடது கையை மடியிலேயே விட்டுவிட்டார்.

"பாமால்" என்றார். என்ன எழுதுவது என்று விழித்தேன்.

"பரவால்லன்றாரு" என்றார் தயாளன். "முசியே வாயில அது வந்தா பிரமாதம்னு எழுதிக்கோக்கா. அவரு கலியாணத்துக்கே அவ்ளோதான் சொன்னாராம்."

"அதுக்கு இது தேவலாம்" என்று ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் முசியே.

கோடு இரண்டு. பத்து நிமிடம் முடிந்த பிறகும் அவர் கையிலிருந்து வாங்கத்தான் சிரமப்பட்டேன்.

அன்று சாயங்காலம் ஷீட்டைப் பார்த்த நசீமா மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இந்த நாலு பேரும் யாருக்கா?" என்று கேட்டார். எனக்குக் குரல் இல்லை. தோளைக் குலுக்கினேன். நாலு பேரும் கெட்டிக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேடம் கஷாயப் பொடி ஒரு பொட்டலம் கொடுத்து, சுடுதண்ணீரில் போட்டுக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை குரல் வந்துவிட்டது.

வெள்ளி நாலு பேர், சனி நாலு பேர். முன்னைவிட அன்பாகச் சொல்லிக் கொடுத்தேன், வியாழக்கிழமை போலவே இவர்களுக்கும் வர வேண்டுமே என்ற ஆசையில். "பயப்படாதீங்க, எல்லாருக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கு." முப்பது கோடு. இருபத்தெட்டு. முப்பத்து நாலு.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கட்டும்போது தயாளன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"நீ எல்லாருக்கும் ஒரு மந்திரம் ஓதிட்டுத்தான் குடுக்குற. வியாழக்கெழம மட்டும் ஓதல."

"இன்னா மந்திரம்?"

"கஷ்டமா இருக்கும், கஷ்டமா இருக்கும்னு. பரிச்சைக்குப் போற புள்ளைய வாசல்ல நிறுத்தி, ஃபெயிலானாலும் பரவால்லடான்னு அனுப்பிச்சா அது இன்னா எழுதும்? எங்க தப்பு வரப்போவுதுன்னு கையையேதான் பாத்துக்கினு இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபைலைத் திறந்து வியாழக்கிழமையின் நாலு ஷீட்டையும் எடுத்து மற்ற இருபதின் பக்கத்தில் வைத்தேன். கோடுகளைப் பார்த்தால் போதும், படிக்கக்கூட வேண்டாம்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"உங்க கம்பெனி வழக்கம்னு நெனைச்சேன். நீதானேக்கா ஆபீஸரு."

4. திங்கட்கிழமை மீட்டிங்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். இருபது ஷீட்டும் என் வாயால் கெட்டது என்று எப்படிச் சொல்வது? முதல் தடவை என்பது ஒருவருக்கு ஒரு தடவைதான். அந்த இருபது பேரிடம் மறுபடி போய் முதல் தடவை மாதிரி பிடியுங்கள் என்று கேட்க முடியாது. ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டாள், படிக்காதவளை அனுப்பினால் இப்படித்தான் என்பார்கள். லைனுக்குத் திருப்பி அனுப்புவார்கள். இல்லை, வீட்டுக்கே அனுப்புவார்கள். ஒவ்வொரு பயத்துக்கும் பின்னால் இன்னொரு பயம் வந்து நின்றது.

இன்னொரு பக்கம், நான் வாய் திறக்காமலே சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். நாலு நல்ல ஷீட் இருக்கிறதே, மேனேஜர் சார் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார், மேடம் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்.

மேனேஜர் சார் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். ஷீட்டுகளை விசிறி மாதிரி புரட்டினார்.

"இருபது பேருக்கு வரல. நாலு பேருக்கு வந்துது. நசீமா, நாலு பேருக்காக மோல்டு போட முடியுமா?"

"சார், அந்த நாலு பேருக்கு ஏன் வந்துதுன்னு பாக்கணும். ஒரே நாள்ல நாலு பேரும் வந்திருக்காங்க. கோடு பாருங்க, ரெண்டு, நாலு. நடுவுல ஒண்ணுமே இல்ல. பத்து, பதினஞ்சுன்னு யாருமே இல்ல சார். அது எப்பிடி?"

சார் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீதானே கூட உக்காந்திருந்த. அன்னிக்கி வேற எதாவது வித்தியாசம் இருந்துதா?"

அவ்வளவு நேராகக் கேட்டார். அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. நசீமா மேடமும் என்னைப் பார்த்தார். அவர் கையில் பேனா மூடி இருந்தது, அதைத் திருகிக்கொண்டே பார்த்தார்.

"இல்ல சார்" என்றேன். "எழுதியிருக்கறதுதான்."

குரல் நன்றாகத்தான் வந்தது.

சார் தலையாட்டினார். ஜோடி சரிவராது, வேண்டாம் என்று அந்த வெளியூர்க் கம்பெனிக்கு அன்றைக்கே மெயில் போனது. லைனில் ஜோடிக்கு ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் சாதாரணக் கன்ட்ரோலர் ஆர்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டார்கள்.

5. ஹெட்ஃபோன்

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. நல்ல பீஸைத் தூக்கி ரிஜக்டில் போட்டேன். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேலே போனேன். சொல்லிவிடலாம், சொன்னபிறகு எது வந்தாலும் வரட்டும் என்றுதான் போனேன்.

நசீமா மேடம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி என் பக்கமாக நீட்டினார். காதில் வைத்தேன். என் குரல்தான். "தம்பி, இது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்."

"இருபதும் கேட்டுட்டேன்கா" என்றார்.

நான் அழுதேன். தயாளன் சொன்னது, தொண்டை கட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"திங்கக்கெழம சார் கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியும் மேடம். சனிக்கெழமையே தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பசங்ககிட்ட சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லக்கா. பதட்டத்துல சொல்லிட்டீங்க. நான் சரியா சொல்லி அனுப்பியிருக்கணும். வாயில எதுவும் பேசாதீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கணும். அது என் தப்பு." டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளினார். "ஆனா அவரு கேட்டாரே. நான் பக்கத்துலயே இருந்தனே."

இரண்டு பேரும் மேனேஜர் சாரிடம் போனோம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னொரு இருபது பேரக் கூப்ட்டு மறுபடி பண்ணலாம்மா, அது பெரிய வேல இல்ல. திங்கக்கெழம சொல்லியிருந்தா ஒரு வாரம் டைம் கேட்டிருப்பேன். இப்ப நாமளே வேணாம்னு எழுதிட்டோம். அவங்களும் சரின்னுட்டாங்க. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பப் போய் நிப்பேன்?"

நசீமா மேடத்துக்காக ஒரு தடவை ஃபோன் பண்ணிப் பார்த்தார். எங்கள் முன்னாடியே ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். அவர்கள் அந்த வருஷத்துக்கு வேறொன்றை எடுத்துக்கொண்டுவிட்டார்களாம்.

6. பிரித்த வேலை

என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை, லைனுக்கும் அனுப்பவில்லை. நான் பயந்தது ஒன்றுகூட நடக்கவில்லை. பயப்படாதது நடந்தது. இரண்டு மாதம் கழித்து நசீமா மேடம் பெங்களூருக்குப் போய்விட்டார். கடைசி நாள் லைனில் எல்லாரிடமும் வந்து சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் வந்தார். தொண்டை சரியாகிவிட்டதா என்று கேட்டார். அது சரியாகி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஆகிவிட்டது என்றேன்.

சாம்பிளாகச் செய்த ஆறு ஜோடிகளையும் பிரித்து, ஸ்விட்ச், சென்சார் எல்லாவற்றையும் ஸ்டோருக்கு எடுக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். சால்டர் தெரிந்தவள் என்பதால். ஐந்து பிரித்தேன். ஆறாவதைப் பிரிப்பதற்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது, டெஸ்டிங் பெஞ்சு கம்ப்யூட்டரில் மாட்டி உட்கார்ந்தேன். எனக்கு அது வருமா என்று பார்க்க ஆசை. தட்டில் விரலைத் தேய்த்தேன். புள்ளி போனது. கையைச் சாய்த்தேன். திரும்பியது. கைக்குப் பாரமாக இல்லை. கீழே பார்க்காமல் அந்தப் புள்ளியை ஸ்கிரீனின் நாலு மூலைக்கும் கொண்டுபோனேன். பிறகு கழற்றிப் பிரித்தேன். உள்ளே ஒவ்வொரு ஜாயின்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. மேடம் தன் கையாலேயே வைத்தவை.

இப்போது புதுசாக க்யூ.சி.க்கு வருகிற பெண்களுக்கு நான்தான் வேலை சொல்லிக் கொடுக்கிறேன். கஸ்டமர் கையில் சாம்பிள் கொடுக்கும்போது எதுவும் சொல்லாதே, வைத்துவிட்டுத் தள்ளி நில் என்பேன். இதை உடனே கற்றுக்கொள்கிறார்கள். அது சுலபம்.

மீட்டிங்கில் பெரியவர்கள் உன் பக்கம் திரும்பிக் கேட்டால் தெரிந்ததைச் சொல், தப்பு உன்னுடையதாக இருந்தாலும் சொல் என்றும் சொல்கிறேன். அதற்கும் தலையாட்டுகிறார்கள். ஆனால் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது, ஏதோ அக்கா புத்தி சொல்கிறாள் என்று நினைக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் நேராகவே கேட்டது: "சொன்னா வேல போயிடாதாக்கா?"

போகலாம் என்றேன். போகாது என்று சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"அப்பறம் ஏன்கா சொல்லணும்?"

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்னால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. பெஞ்சில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதினேன். அவளிடம் இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். கொடுக்கும்போது எதுவும் சொல்ல மாட்டேன்.